குனிந்தால் கொட்டிவிடும்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
என் ஊசி நிற்கும்.
சரக்கு ரயில் போய் முடிகிறவரை
மாடி ஆடும், நாற்காலி ஆடும்,
மைக்குப்பிக்குள் சின்னதாய் ஓர் அலை.
நிலத்துக்கடியில் கெளுத்தி புரள்கிறது என்பேன்.
பூகம்பத்துக்கு ஜப்பான்காரன் சொன்ன காரணம்.
என் இடது பாதத்தில் இருப்பதும் அதுதான்,
மிதித்துக்கொண்டே இருக்கலாம் என்று.

காசிமேட்டுப் பையன்களுக்குக் கெண்டையைக் காட்டினால்
சிரிப்பார்கள்.
"ஏரி மீனுக்கா இது, இத்த எவன் வாங்குவான்?"
எதிர்நீச்சலில் அருவி ஏறினால்
டிராகன் ஆகிவிடும் என்பேன்.
"ஏறட்டும். அப்பால வரோம்."

ஏலக்கூடத்து ரெஜினா கேட்டது கொம்பு வைத்த முகம்.
பொறாமையில் பேயானவள்,
வாய் காதுவரை கிழிந்தவள்.
நேராகப் பார்த்தால் கோபம்.
கொஞ்சம் தாழ்த்தினால் அதே முகம் அழும்.
முன்கையில் போட்டேன்.
விலை கேட்டுக் கை தூக்கினால்
வியாபாரிகள் ஒதுங்குகிறார்களாம்.
கூடைக்குள் கை விடும்போது
அது என்ன செய்கிறதென்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

தேசிங்கு வந்தது கத்திரி வெயிலில்.
தண்ணி லாரி ஓட்டுகிறவன்.
முதுகு முழுக்க டிராகன் வேண்டும் என்றான்.
நாற்பதாயிரம், ஆறு தடவை வரணும் என்றேன்.
சட்டைப்பையில் மூவாயிரத்து ஐந்நூறு.
எழுந்து போகாமல்
ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.
"இன்னாக்கா இது,
தவளைக்குத் தலைல தட்டு?"

கப்பா, என்றேன். ஆற்றில் இருக்கும்.
ஆமை ஓடு, வாத்துக் கால்,
வெள்ளரிக்காய் என்றால் உயிர்.
உச்சிக்குழியில் தண்ணீர் நிற்கிறவரை
யாராலும் அசைக்க முடியாது.
ஆனால் மரியாதை தெரிந்த ஜந்து.
நாம் குனிந்து கும்பிட்டால்
அதுவும் குனிந்து கும்பிடும்.
தண்ணீர் கொட்டிவிடும்.
அவ்வளவுதான், பலம் போச்சு.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
கீழே கேட் திறந்து ஆட்டோக்கள் கத்தின.
"தண்ணி கொட்னா
எனக்கும் சம்பளத்துல புடிப்பாங்கக்கா.
இவனையே போடு."

பின்கழுத்தில்தான் வேண்டும் என்றான்.
குனியச் சொன்னேன்.
மாட்டேன் என்று குப்புறப் படுத்துக்கொண்டான்.
ஓடு பச்சை, அலகு மஞ்சள்.
தட்டில் மட்டும் மை வைக்காமல் விட்டேன்,
வெறும் தோல்.
கண்ணாடியில் பார்த்தவன்,
"தண்ணிய மறந்துட்டியே?"
லாரியில் ஏறி உட்கார்,
தானாக ஊறும் என்றேன்.

ஆடியில், விட்டுப்போன மஞ்சளைச் சரிபார்க்க வந்தான்.
ஆள் இளைத்திருந்தான்.
"பதிமூணு நாள் நிப்பாட்டி வச்சிட்டாங்கக்கா.
சீட்டுல இல்லாத சந்துக்கு ஊத்துனேன்னு."
அப்புறம்?
"ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்தேன்."
குனிந்தாயா?
"மேசை தாழ்வா இருந்துச்சுக்கா."

இதைச் சொல்லிவிட்டு
விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முந்தாநேத்து அதே தெரு.
பைப்பை மாட்டிட்டு டயர் மேல சாஞ்சி நின்னேன், தலை சுத்துது.
வரிசைல முதல்ல நின்ன பொம்பள,
பேர் கூடத் தெரியாது,
ரொம்புன குடத்தைத் தூக்கி
எந்தலைல கவுத்துடுச்சி.
பின்னாடி நின்னவங்க எல்லாம் திட்றாங்க,
ஒரு குடம் போச்சேன்னு."

கதையின் மிச்சத்தை
நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.
கொட்டின தட்டை யார் நிரப்புகிறார்களோ
அவர்களுக்கு ஆயுசுக்கும் கட்டுப்பட்டது அந்த ஜந்து.

இப்போது எங்கே ஓட்டுகிறாய் என்றேன்.
"சீட்டுல இருக்குற எடம்தான்."
குப்புறப் படுத்தான்.
"அப்பால அந்த சந்து."

கேட் போட்டார்கள். மாடி ஆடியது.
தட்டின் விளிம்புவரை வியர்வை.
துடைக்க எடுத்த பஞ்சைக்
கையிலேயே வைத்திருந்தேன்,
கடைசிப் பெட்டி போகிறவரை.